எண்பது அடி ஆழமும் ஆறாயிரம் அடி உயரமும்: ஒரு முக்குளிப்பு நிகழ்வு ஆய்வு

“ஏனுங்க தம்பி, ஒரு சந்தேகமுங்க. மலை ஏறுனா கை வலிக்குது, இறங்குனா நிக்குது. இது என்ன வலிங்க?”

புதன்கிழமை ராத்திரி ஒன்பதேகாலுக்குக் குன்னூரிலிருந்து வந்த போன். பேசியவர் திருச்செங்கோட்டுக்காரர், வயது 46, சொந்தமாக மூன்று ரிக் வண்டி வைத்து ஆழ்துளைக் கிணறு போடும் தொழில். நாலரை நாளைக்கு முன்னால்தான் அவரும் நானும் மட்டக்களப்புப் பக்கம் கடலடியில் கிடக்கும் ஒரு கப்பலைச் சுற்றிப் பார்த்துவிட்டு மேலே வந்திருந்தோம். கூட்டிக்கொண்டு போனவனே நான்தான். அவர் கேட்டு முடிப்பதற்குள் எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. வயிற்றைக் கலக்கியது.

நான் கோவையில் நீச்சல் குளத்தில் ஸ்கூபா சொல்லித் தருகிறவன். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை ஆட்களைக் கடலுக்கு அழைத்துப் போவேன். இதை எழுத அவரிடம் அனுமதி வாங்கியாயிற்று. “எழுதுங்க, பேரு மட்டும் வேண்டாமுங்க” என்றார். அதனால் இங்கே அவர் வெறும் அண்ணன்தான். பழி என்று பார்த்தால் பெரும்பங்கு என்னுடையது. அது எந்த இடத்தில் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

கிணறும் கம்ப்ரஸரும்

கடல் இல்லாத சீமையிலிருந்து கடலுக்குள் போகிறவர்கள் நாங்கள். ஆனால் ஆழம் எங்களுக்குப் புதிதில்லை. இடுப்பில் சுரைப்புருடையைக் கட்டிக் கிணற்றுக்குள் தள்ளிவிட்டு நீச்சல் பழக்கிய ஊர்கள் இவை. பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற அந்தக் கப்பல் 24 மீட்டரில் கிடக்கிறது என்று குழுவில் சொன்னதும் ஈரோட்டு அம்மணி ஒருவர் கணக்குப் போட்டுவிட்டு, “எங்க தோட்டத்துக் கிணறு எண்பது அடிங்க. அவ்வளவுதானுங்களா?” என்றார். அவ்வளவுதான். அந்த ஒப்பீடு எல்லாருக்கும் தைரியம் கொடுத்தது. எனக்கும்தான்.

அண்ணனுக்குத் தைரியம் வேறு வழியாக வந்தது. காற்றழுத்தம்தான் அவருக்குத் தொழில். பாறையைத் துளைக்கும் ரிக் வண்டியில் கம்ப்ரஸர் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. வகுப்பில் நான் பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் கூடும், 24 மீட்டரில் தண்ணீரின் எடை மட்டும் 35 பிஎஸ்ஐ என்று எழுதிப் போட்டபோது சிரித்துவிட்டார். “முப்பத்தஞ்சுங்களா? என்ற கார் டயர்ல இருக்கிற காத்துங்க அது. ஆயிரத்து இருநூறு அடி போர் போட்ட ஆளுங்க நான்.”

கணக்குச் சரிதான். கார் டயரில் அடைக்கிற அதே அழுத்தம்தான். என்ன, டயர் அதை மூச்சாக இழுப்பதில்லை.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன். உடம்புக்கு அதனால் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. உள்ளே போகிறது, வருகிறது. ஆழத்தில் அழுத்தம் கூடும்போது இரத்தத்திலும் சதையிலும் மூட்டுகளைச் சுற்றிய நார்களிலும் அது கூடுதலாகக் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் கரைந்தது நுரையீரல் வழியாக வெளியேறிவிடும். அவசரப்பட்டால் உள்ளேயே குமிழியாகப் பிரியும். அந்தக் குமிழி தருவதைத்தான் குமிழி வலி என்கிறேன். இதற்குச் சோடா பாட்டிலை உதாரணம் சொல்வார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. சோடா பொங்கி ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும், உடம்பு அப்படியில்லை. இரத்தம் சீக்கிரம் விட்டுவிடும். மூட்டு நார்கள் கடன்காரன் மாதிரி, மணிக்கணக்கில் இழுத்தடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருப்பிக் கொடுக்கும். நாலு நாள் தொடர்ந்து முங்கினால் பழைய பாக்கியோடு புதுக் கடனும் சேரும்.

கப்பல்

1942 ஏப்ரல் 9ஆம் தேதி நகுமோ தலைமையில் வந்த ஜப்பானியக் கடற்படையின் விமானங்கள் இலங்கையின் கிழக்குக் கரையோரம் பல கப்பல்களை மூழ்கடித்தன. அதில் பெரிய பெயர் ஹெர்மீஸ். விமானந்தாங்கிக் கப்பலாகவே வரைந்து கட்டத் தொடங்கிய முதல் கப்பல் அது. அதில் மட்டும் 307 பேர் இறந்தார்கள். அது கிடப்பது ஐம்பது மீட்டருக்கும் கீழே. பொழுதுபோக்காக முங்குகிறவர்களுக்கு வைத்திருக்கும் எல்லையே 40 மீட்டர்தான் என்பதால் அதைப் பார்க்க வேறு பயிற்சி, வேறு வாயு, வேறு ஆட்கள் வேண்டும். அண்ணனுக்கு ஹெர்மீஸ்மேல்தான் கண். முடியவே முடியாது என்று அடித்துச் சொல்லிவிட்டேன். அந்த ஒரு விஷயத்தில் கறாராக இருந்ததே மற்றதில் என்னைக் கொஞ்சம் இளகவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

எங்களுக்குக் கிடைத்தது அதே நாளில் மூழ்கிய எண்ணெய்க் கப்பல், பிரிட்டிஷ் சார்ஜன்ட். நாங்கள் போனது மே மாதம், ஆறு பேர். கிழக்குக் கரையில் ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை கடல் அடங்கியிருக்கும். பாசிக்குடாவில் தங்கி, புதன் தொடங்கி நாளைக்கு இரண்டு முங்கல். முதல் நாள் பவளப்பாறை மட்டும். வியாழக்கிழமை கப்பலுக்குப் போனோம். படகுக்காரத் தம்பி தண்ணீரைப் பார்த்ததுமே, “இண்டைக்குக் கலங்கலாக் கிடக்கு. நாளைக்குப் பாப்பமே” என்றான். கேட்கவில்லை, இறங்கினோம். கை நீட்டினால் விரல் தெரியாத கலங்கல். கயிற்றைப் பிடித்து இறங்கி, ஏதோ இரும்பைத் தடவிவிட்டு மேலே வந்தோம்.

வெள்ளிக்கிழமை கடல் கண்ணாடி மாதிரி. நடுத் தண்ணீரில் இருக்கும்போதே கீழே கப்பல் முழுசாகத் தெரிந்தது. எண்பது வருடத் துரு, அதன்மேல் சிப்பியும் பாசியும் படர்ந்து இரும்பா பாறையா என்று சொல்ல முடியாத மேனி. தகடு பிய்ந்த இடங்களில் விலா எலும்பு மாதிரி வரிசையாகச் சட்டங்கள், அதற்குள் நுழைந்து புறப்பட்டுப் போகும் மஞ்சள் வரி மீன்கள். ஒரு நிழலுக்குள் மனிதன் உயரத்துக்குக் களவா ஒன்று வாயைத் திறந்து மூடிக்கொண்டு நின்றது. அண்ணன் மீனைப் பார்க்கவே இல்லை. எண்ணெய்க் கப்பல் ஆனதால் குழாய்கள் கிடக்கின்றன. ஒரு குழாயின் விளிம்பில் போல்ட்டுகள் இன்னும் வட்டமாக உட்கார்ந்திருந்தன. அதை விரலால் எண்ணி, என்னிடம் திரும்பி, வால்வைத் திருகுகிற மாதிரி கையைச் சுற்றிக் காட்டினார். கண்ணாடிக்குள் கண் இரண்டும் சிரித்தன. கப்பலுக்குள் யாரையும் நுழைய விடவில்லை. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். வெளிச்சுற்று மட்டும். எல்லாமே ஒழுங்காக நடந்தது.

அவ்வளவு நன்றாகப் பார்த்ததுதான் வினை. சனிக்கிழமை முங்கக் கூடாது, காய விட வேண்டிய நாள் என்பது என் திட்டம். வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் அஞ்சு பேரும் ஒரே குரலில், “இன்னொருக்கா போலாமுங்க” என்றார்கள். நான் விரல் விட்டு எண்ணினேன். சனி காலை எட்டு மணிக்கு மேலே வந்தால், ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குத் திருச்சி விமானம். முப்பது மணி நேரம். பல நாள் முங்கியவர்கள் விமானம் ஏறும் முன் குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும் என்பதுதான் முங்குகிறவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் சொல்லும் வழிகாட்டல். கைவசம் முப்பது இருக்கிறது. சரி என்றேன்.

சனிக்கிழமை காலை

ஏழேகாலுக்கு முன்பே இறங்கினோம். அதிக ஆழம் 24.6 மீட்டர், மொத்தம் 41 நிமிடம். 24 மீட்டரிலேயே நின்றால் நைட்ரஜன் கணக்கு அரை மணிக்கும் குறைவாகத்தான் தாங்கும். நாங்கள் பாதி நேரத்துக்குமேல் கப்பலின் மேற்பகுதியில் இருந்ததால் ஆழத்தையும் நேரத்தையும் பதியும் கணினிக் கடிகாரத்தின் கணக்குப்படி யாரும் எல்லையைத் தாண்டவில்லை.

திரும்பும்போது நீரோட்டம் திரும்பிவிட்டது. கயிறு சாய்ந்து கொடி மாதிரி ஆடியது. ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டிய இடத்தில் அண்ணன் வலது கையால் கயிற்றைப் பிடித்துக் காற்றில் துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தார். நான் அவருக்குக் கீழே இன்னொருவரைக் கவனித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தின அரை நிமிடம் அவர் எப்படி மேலே போனார் என்று பார்க்கவில்லை.

7:48க்குப் படகில் இருந்தோம். கரைக்கு வந்ததும் சிலிண்டர் இறக்கும் பையன்களுக்கு ஒத்தாசையாக அண்ணனும் தோளில் வைத்துத் தூக்கினார். ஒன்று பதினைந்து கிலோவுக்குப் பக்கம். ஆறோ ஏழோ தூக்கியிருப்பார். வேண்டாம் என்று சொன்னேன். “சும்மா எப்படிங்க நிக்கிறது” என்றார். எங்கள் பக்கத்து மனிதரிடம் வேலை நடக்கும் இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை. படகில் கழிவறை இல்லை என்று காலையிலிருந்து தண்ணீரும் குடிக்கவில்லை, இது பின்னால் விசாரித்தபோது தெரிந்தது.

பதினோரு மணிக்கு வேன். தம்புள்ளையிலிருந்து குருநாகல் வழியாகப் போயிருந்தால் தாழ்வான பாதை. ஒருவருக்குக் கண்டி பார்க்க ஆசை. மாத்தளை வழியாகத் திருப்பி ராத்திரி அங்கே தங்கினோம். கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீட்டர். வழிகாட்டல் பேசுவதே 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தைப் பற்றித்தான் என்பதால் கண்டியை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி எட்டு மணிவாக்கில், சாப்பிட்டுவிட்டு வரும்போது, அண்ணன் வலது தோளைப் பிடித்துக்கொண்டு, “உள்ளுக்குள்ள யாரோ கடையற மாதிரி இருக்குதுங்க தம்பி” என்றார்.

சிலிண்டர் தூக்கினீர்களே, அதுதான் என்றேன். என் பையில் வலிக்கு அடிக்கும் ஸ்பிரே இருந்தது. எடுத்து நானே அடித்துவிட்டேன்.

இந்த முழு நிகழ்விலும் ஒரு தப்பை மட்டும் திருத்திக்கொள்ள வாய்ப்புக் கிடைத்தால் நான் திருத்துவது இதைத்தான். முங்கி எழுந்தவருக்கு ஒன்றிரண்டு நாளுக்குள் வரும் மூட்டு வலியை, வேறு காரணம் நிச்சயமாகும்வரை குமிழி வலியாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று குளத்தங்கரையில் நின்று எத்தனையோ பேருக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். அதே வாய்தான் ‘சிலிண்டர் தூக்கினீர்களே’ என்றது. தசைப்பிடிப்பு என்றால் அழுத்தினால் வலிக்கும், கையைத் திருப்பினால் கூடும். அமுக்கிப் பார்க்கக்கூட இல்லை. நான் கூட்டிப்போன பயணத்தில் அப்படி நடக்காது என்ற நினைப்பு, வேறென்ன.

18 மணி நேரக் கணக்கும் இந்த இடத்தில் செத்துவிடுகிறது. அது உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு வைத்த கணக்கு. வலி வந்தபின் முப்பது மணி நேரம் ஆனாலும் மூன்று நாள் ஆனாலும் முதலில் மருத்துவர், அப்புறம்தான் விமானம்.

ஏற்றம், இறக்கம்

விமானத்துக்குள் காற்றழுத்தம் கடல்மட்டம் மாதிரி இருக்காது. எட்டாயிரம் அடி மலைமேல் உட்கார்ந்திருக்கிற அளவு வரைக்கும் குறையலாம். ஒரு மணி நேரப் பயணத்தில் அண்ணனுக்குத் தோள்வலி முழங்கைக்கு இறங்கியது, சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்தன. என்னிடம் சொல்லவில்லை. திருச்சியில் இறங்கியதும் குறைந்தது, அதனால் மறந்தும்விட்டார். விமான நிலையத்தில் எல்லாரும் கை கொடுத்துப் பிரிந்தோம், நான் ரயிலேறினேன்.

அவர் வீட்டுக்குப் போகவில்லை. மறுநாள் விடிகாலை குன்னூரில் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசம். பொறந்த வீட்டுச் சீர் எடுத்துக்கொண்டு அண்ணன் நிற்க வேண்டும். முகூர்த்தம் யாருக்காகவும் தள்ளாது. மனைவியும் அம்மாவும் சீர்ச் சாமானோடு கரூரில் காரில் ஏறிக்கொள்ள, காங்கேயம், அவினாசி, மேட்டுப்பாளையம் என்று நேராக மலைக்குப் போனார்கள். கல்லாறு தாண்டி ஏற ஆரம்பித்ததும் வலியும் ஏறியது. பர்லியாறில் டீ குடிக்க நிறுத்தினார்கள். டம்ளரை இடது கையில் வாங்கியிருக்கிறார். காட்டேரி என்ற ஊர் வருவதற்குள் கையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்.

குன்னூர் சுமார் 1,850 மீட்டர், ஆறாயிரம் அடிக்குச் சற்று மேல். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். உள்ளே இருக்கும் குமிழி கால் பங்கு பெருக்கும். சுற்றிக் கரைந்திருக்கும் நைட்ரஜனும் வந்து அதில் சேரும். விமானத்திலாவது ஒரு மணி நேரம். குன்னூரில் ராத்திரி முழுக்க, காலை முழுக்க. நமக்கு நீலகிரியும் ஏற்காடும் வால்பாறையும் பக்கத்து வீடு மாதிரி. சாயங்காலம் நினைத்தால் போய் ஒரு டீ குடித்துவிட்டு வருகிற இடத்தை உயரம் என்று யார் எண்ணுகிறார்கள்? பயணத்துக்கு முன்னால் எல்லாரிடமும் விமானச் சீட்டு வாங்கிப் பார்த்த நான், இறங்கியபின் எங்கே போவீர்கள் என்று ஒருவரைக்கூடக் கேட்கவில்லை.

திங்கள் காலை சீர்த்தட்டு கை நழுவிப் போனது. வெற்றிலையும் வாழைப்பழமும் புது வாசலில் சிதறின. அம்மாவுக்கு அது அபசகுனம், இன்றைக்கும் அதைத்தான் முதலில் சொல்கிறார். மதியம் கீழே இறங்கினார்கள். மேட்டுப்பாளையம் வந்ததும் வலி பாதி. அன்று மாலை ஒரு மருத்துவமனையில் கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்து, எலும்பு தேய்மானம், நரம்பு அழுந்துகிறது என்று கழுத்துப் பட்டையும் மாத்திரையும் கொடுத்தார்கள். 46 வயதில், வாழ்நாளெல்லாம் வண்டி ஓட்டியவர் கழுத்தில் தேய்மானம் தெரியாமல் இருந்தால்தான் அதிசயம். கடலுக்குள் போய் வந்ததை இவர் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வீட்டில் சும்மா இருந்தார். வலி லேசாக இருந்தது. புதன் மாலை அம்மாவைக் கூட்டிவர மறுபடி குன்னூர். மறுபடி அதே காட்டேரி, அதே வலி. இரண்டு ஏற்றம், ஒரு இறக்கம். கழுத்து எலும்புக்கு மலை தெரியாது என்று அவருக்கே தோன்றியிருக்கிறது. வலி ஏறி இறங்குவதை அழுத்தத்தோடு முடிச்சுப் போட்டுப் பார்த்தது டாக்டரும் இல்லை, நானும் இல்லை. கம்ப்ரஸர் வைத்துப் பிழைக்கிற அந்த மனிதர்தான்.

அந்த ராத்திரி

போனிலேயே நான் கேட்டவை இவைதான். நடை எப்படி, கோடு போட்ட மாதிரி அடிமேல் அடி வைத்து நடக்க முடிகிறதா? கால் எதுவும் மரத்ததா? “ஒண்ணுக்குப் போறது சரியா இருக்குங்களா?” இதைக் கேட்டதும் சிரித்தார். சிரிக்கிற கேள்வி இல்லை. முதுகுத் தண்டில் குமிழி சிக்கினால் முதலில் சிறுநீர் நிற்பது உண்டு. நல்லவேளை, அது சரியாக இருந்தது. தீக்குச்சியின் இரண்டு முனையாலும் விரல்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். சுண்டு விரலில் மருந்துள்ள முனைக்கும் மொட்டை முனைக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

கீழே இறங்க வேண்டும், ஆக்சிஜனோடு இறங்க வேண்டும். ஆம்புலன்ஸ் வந்தது. விரலில் கிளிப்பை மாட்டிப் பார்த்த பணியாளர், “97 இருக்குதே, எதுக்குங்க ஆக்சிஜன்?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இரத்தத்தில் ஆக்சிஜன் போதவில்லை என்று கேட்கவில்லை, உள்ளே தங்கிய நைட்ரஜனைத் துரத்தக் கேட்கிறோம் என்று போனில் அவருக்குப் புரியவைக்கப் பத்து நிமிடம் ஆனது. மூச்சோடு நைட்ரஜனே உள்ளே போகாவிட்டால் உடம்பில் இருப்பது வேகமாக வெளியேறும். பை வைத்த முகமூடி, நிமிடத்துக்கு 15 லிட்டர். கடைசியில் ஒத்துக்கொண்டார். மலைப்பாதையில் யானை நின்றதால் கால் மணி தாமதம். அதற்குள் நான் டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் அவசர உதவிக்குப் பேசி, கோவையில் அழுத்தக் கலன் இருக்கும் இடங்களை விசாரித்துக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கடலிலிருந்து இவ்வளவு தள்ளி இருக்கும் ஊரில் அழுத்தக் கலன் எதற்கு என்று தோன்றலாம். சர்க்கரை நோயாளிகளின் ஆறாத கால் புண்ணுக்கு. நம் பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை. ஆனால் புண்ணுக்கு வைக்கும் அழுத்தம் பெரும்பாலும் இரண்டு, இரண்டரை வளிமண்டலம்தான். இதற்கு 2.8 வேண்டும், நடுநடுவே சாதாரணக் காற்றுக் கொடுக்க வழியும் வேண்டும். மூன்றாவதாகக் கூப்பிட்ட இடத்தில் இரண்டும் இருந்தன. முங்கல்காரர் ஒருவரைப் பார்ப்பது அங்கிருந்த டெக்னீசியனுக்கு முதல் தடவை.

வியாழன் காலை அண்ணனைக் கண்ணாடிக் குழாய்க்குள் படுக்கவைத்தார்கள். முறை பழையது: அமெரிக்கக் கடற்படையின் ஆறாம் எண் அட்டவணை. உலர்ந்த அறையிலேயே 18 மீட்டர் ஆழத்து அழுத்தம். இருபது நிமிடம் ஆக்சிஜன், ஐந்து நிமிடம் காற்று, இப்படி மாற்றி மாற்றி. அப்புறம் மெதுவாக 9 மீட்டருக்குக் கொண்டுவந்து அங்கே நீளமாக ஓர் இருப்பு. மொத்தம் 4 மணி 45 நிமிடம். முதல் இருபது நிமிடம் முடிவதற்குள் ஒலிபெருக்கியில், “போயிருச்சுங்க” என்றார். எது என்று டெக்னீசியன் கேட்டார். “வலிதானுங்க, வேற என்னத்தைத் தேடி இங்க வந்தேன்?”

ஐந்து நாள் கழித்துச் செய்யும் சிகிச்சைக்கும் பலன் உண்டு என்பதை நேரில் பார்த்தேன். முழுப் பலன் இல்லை. சுண்டு விரல் மரப்பு தங்கிவிட்டது. அடுத்த இரண்டு நாளும் சின்ன அளவில் இரண்டு தடவை கொடுத்தார்கள். மரப்பு போக மூன்று வாரம் ஆயிற்று.

கடிகாரம் சொன்னது

அண்ணனின் கணினிக் கடிகாரத்தை அன்றைக்குத்தான் என் மடிக்கணினியில் இறக்கினேன். ஏழு முங்கல், ஏழு கோடு. ஆறில் ஒன்றும் இல்லை. ஏழாவதில், கப்பலை விட்டு ஏறும்போது 12.4 மீட்டரிலிருந்து 5.8 மீட்டருக்கு 22 விநாடி. அதாவது நிமிடத்துக்கு 18 மீட்டர் வேகம். நாங்கள் வைத்திருக்கும் எல்லை 9. நீரோட்டத்தில் கயிறு கை நழுவியிருக்கிறது, கடிகாரமும் கத்தியிருக்கிறது. “ஏதோ சத்தம் கேட்டுதுங்க. ரிவர்ஸ் கியர் மாதிரி” என்றார்.

இது ஒன்றே காரணமா? சொல்ல முடியாது. நாலு நாளில் ஏழு முங்கல், கடைசியாக ஆழமான ஒன்று, வேகமான ஏற்றம், கயிற்றில் தொங்கிய அதே வலது கை, தண்ணீர் குடிக்காத உடம்பு, உடனே சுமை தூக்கியது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சில்லறை. இதயத்தின் இரண்டு மேலறைகளுக்கு நடுவில் பிறவி ஓட்டை மூடாமல் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். நாலில் ஒருவருக்கு அது இருக்கும், இருந்தால் குமிழி நுரையீரல் வடிகட்டியைத் தாண்டிக் குறுக்கு வழியில் போய்விடும். இவருக்கு இல்லை.

குளத்தில் இப்போது இதைச் சொல்லும்போது ஹால்டேன் என்ற விஞ்ஞானியின் ஆடுகளையும் சேர்த்துக்கொள்கிறேன். 1908இல் வெளியான முதல் முறையான ஏற்ற அட்டவணையை ஆடுகளை அழுத்தக் கலனில் அடைத்துச் சோதித்துத்தான் அவரும் கூட்டாளிகளும் உருவாக்கினார்கள். குமிழி வலி வந்த ஆடு முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ஆடு வளர்க்கிற நம் ஆட்களுக்கு இது சட்டென்று பிடிபடுகிறது. காலைத் தூக்கிய ஆட்டுக்கு ஸ்பிரே அடித்தது யார் என்று நான் சொல்வதில்லை, அண்ணன் கூட இருந்தால் அவர் சொல்லிவிடுகிறார்.

மாற்றியவை

கடைசி நாள் யாரும் முங்குவதில்லை, எவ்வளவு கெஞ்சினாலும். முங்கல் முடிந்து 48 மணி நேரத்துக்கு யார் எங்கே போகிறார்கள் என்று எழுதி வாங்குகிறேன், விமானம் மட்டுமல்ல, ஊர் பெயரும் அதன் உயரமும். அமெரிக்கக் கடற்படை அட்டவணையில் ஆயிரம் ஆயிரம் அடியாக உயரம் பிரித்து எத்தனை மணி நேரம் கழித்து ஏறலாம் என்று இருக்கிறது. அதைத் தமிழில் எழுதி, அடிகளுக்கு நேரே நம் ஊர்ப் பெயர்களைப் போட்டு வைத்திருக்கிறேன். கோவையே 411 மீட்டர் என்பது பலருக்கு ஆச்சரியம். கேரளக் கடலிலிருந்து காரில் திரும்புகிறவர்கள் மூணாறு வழியாக உடுமலை இறங்கலாம் என்று ஆசைப்படுவார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரச் சொல்கிறேன். வழியில் பார்க்க ஒன்றும் இல்லை, காற்றாலைகள்தான். பரவாயில்லை.

தொந்தரவு வந்தால் மருத்துவரிடம் முதல் வரியிலேயே ‘இத்தனை நாள் முன்பு கடலடியில் இத்தனை மீட்டர் போய் வந்தேன்’ என்று சொல்ல ஓர் அட்டை அச்சடித்துக் கொடுக்கிறேன். ஸ்பிரே என் பையில் இல்லை. அந்த இடத்தில் ஆக்சிஜன் முகமூடி இருக்கிறது.

அண்ணன் சிலிண்டர் தூக்கியதைத்தான் இன்னும் காரணம் என்கிறார். நான் அந்த 22 விநாடி என்கிறேன். குன்னூருக்கு ஏறும் முன் இப்போதும் கல்லாறில் வண்டியை ஓரங்கட்டி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொள்வாராம். தங்கச்சி வீட்டில் கேலி செய்கிறார்களாம். ஹெர்மீஸ் பற்றிப் போன வாரம் மறுபடி கேட்டார்.